மூலக்கல் விழவில்லை

என் முதல் வேலை, மற்றவர்களுடைய முதல் வேலையைச் சரிபார்ப்பது.

எடை அளவு அலுவலகத்தில் நினைவுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி நான்கு வருடமாகியிருந்தது. ஓய்வு பெறுகிறவர்கள் தங்கள் முதல் நாள் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அதைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, ஆட்சேபணை இல்லை என்று நாங்கள் முத்திரை குத்துவோம். முத்திரை விழாமல் விடுவிப்பு ஆணை வராது. ஆணை வராதவர் வயது முடிந்தாலும் வேலைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். அப்படி ஒருவர் இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தார். முதல் நாள் அவருக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. தினமும் காலையில் வாசலில் நின்று கட்டடத்தை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார்.

நான் இயற்பியல் படித்தவள். நேர்காணலில் இயக்குநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சந்தேகப்படுவீங்களா?"

"கொஞ்சம் சார்."

"ஆளுங்க நினைப்பு மேல சந்தேகப்படலாம். ஆபீஸ் பதிவு மேல படக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். வேலை கிடைத்தது. அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்து, "என்ன வேலைன்னு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியலை. ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டேன்" என்றாள். எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

முதல் வாரம் பழைய நினைவுகளைப் படிக்கச் சொன்னார் கண்காணிப்பாளர். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. எல்லாவற்றிலும் மழை பெய்தது. எல்லாரும் நனைந்துகொண்டே வந்தார்கள். எல்லாரையும் ஒரு மேலதிகாரி தோளில் தட்டி, பயப்படாதே என்றார்.

"சார், இவர் சேர்ந்தது நடுக் கோடையில. அவருக்கும் மழைன்னு இருக்கு" என்றேன்.

"அவர் எழுதலை, நான்தான் எழுதினேன். மழை இல்லாம ஒரு நினைவு நல்லாவா இருக்கும்?" என்றார் கண்காணிப்பாளர். அவர் கெட்டவரில்லை. எழுத வராதவர்களுக்கெல்லாம் தன் கைப்படவே எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். "மூணு விஷயம் இருக்கணும்மா. பதற்றம் நாலு வரி. வழிகாட்டல் பத்து வரி. மிச்சமெல்லாம் பெருமிதம். அவ்வளவுதான், கண்ணை மூடிக்கிட்டு முத்திரை குத்திடலாம்."

எனக்கென்று வந்த முதல் கோப்பு அரம் அக்காவுடையது.

அவரை அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு வருடமாகப் பின்கட்டு அறையில் அரமும் கையுமாக உட்கார்ந்திருப்பவர். ஊரில் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் எடைக்கற்களை வருடத்துக்கு ஒரு முறை எங்களிடம் கொண்டுவர வேண்டும். கல் என்பது பேச்சுக்குத்தான், எல்லாம் இரும்பு. எடை கூடியிருந்தால் அக்கா ராவிக் குறைத்து முத்திரை வைத்துக் கொடுப்பார். அவர் நகக்கண்களில் இரும்புத்தூள் எப்போதும் கறுப்பாக இருக்கும். மாத முடிவில் அவருக்கு ஓய்வு. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவர் தந்த நினைவு ஐந்தே வரி.

'மூலக்கல்லைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன். கை தவறிக் கீழே விழுந்து ஓரம் உடைந்தது. சொன்னேன். அன்றிலிருந்து இந்த அலுவலகத்தில் போட்ட எடை எதுவும் சரியில்லை.'

மூலக்கல் மட்டும் நிஜமாகவே கல். கறுப்பு, உருளை வடிவம், கண்ணாடிபோல் வழவழப்பு. சரியாக ஒரு கிலோ. முன்கூடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நீல வெல்வெட்டின் மேல் வைத்திருப்பார்கள். ஊரில் உள்ள அத்தனை எடைக்கும் அதுதான் தாய். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தலைமையகத்துக்கு அனுப்பி அதைச் சரிபார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பயணத்தில் விழுந்துவிடுமோ என்று கல்லை அனுப்புவதில்லை. அதன் சான்றிதழை மட்டும் அனுப்பிப் புதுப்பித்துக்கொள்வார்கள்.

கண்காணிப்பாளர் ஐந்து வரியையும் படித்துவிட்டு, "மழையே இல்லையே" என்றார். பிறகு இன்னொரு முறை படித்தார். முகம் மாறியது. "போய் இதைத் திருத்தி வாங்கிட்டு வாம்மா. விழுந்ததுன்னு வேண்டாம். நழுவப் பார்த்தது, மேலதிகாரி தாங்கிப் பிடிச்சார்னு போடச் சொல்லு. வழிகாட்டலும் ஆச்சு, பெருமிதமும் ஆச்சு."

பின்கட்டு அறை நீளமாக, இருட்டாக இருந்தது. தரையில் சாக்கு விரித்து எடைக்கற்களைப் பரப்பியிருந்தார்கள். சன்னலோரம் ஒரு தராசு. அக்கா அரத்தைக் கீழே வைக்காமலே நான் சொன்னதைக் கேட்டார்.

"தாங்கிப் பிடிச்சாரா? யாரு?"

"அப்போ இருந்த இயக்குநர்னு போடச் சொன்னாங்க."

"அந்த மனுஷன் அன்னிக்கு எதைப் பிடிச்சார் தெரியுமா? கீழே கிடந்த சில்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். நான் அழுதுகிட்டே நிக்கிறேன். சார், கல்லு குறைஞ்சுபோச்சு சார்னு சொல்றேன். குறையாதும்மா, அந்தக் கல்லை வச்சுத்தான் மத்ததெல்லாம் குறையுதா கூடுதான்னே தெரியும், அது எப்படிக் குறையும்னு கேட்டார். எனக்கு இருபத்தேழு வயசு."

"அப்புறம் என்ன ஆச்சுக்கா?"

"அன்னிக்கு மத்தியானம் ஆபீஸ்ல இருந்த கல்லையெல்லாம் அதோட வச்சு எடை போட்டாங்க. எல்லாம் ரெண்டு கிராம் கூட. அழுக்கு ஏறிடுச்சுன்னாங்க. கழுவினோம். அப்பவும் ரெண்டு கிராம் கூட. ரெண்டு அரம் வாங்கிட்டு வந்து ஒண்ணை என் கையில குடுத்தாங்க. துடைக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தது. ராவுற வேலை சாயங்காலம் வந்தது."

அவர் ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரு வருஷத்துல ஊர்ல இருக்கிற கல்லெல்லாம் ராவியாச்சு. அதுக்கப்புறம் புதுசா வாங்கின கல்லு வந்துகிட்டே இருக்கு. பட்டறையில சரியாச் செஞ்சுதான் அனுப்புறான். சரியா வந்த கல்லையெல்லாம் தப்பாக்கித் திருப்பி அனுப்புறதுதான் நான் பார்த்த உத்தியோகம். நான் எத்தனையோ தடவை வாயால சொல்லிட்டேன். காகிதத்துல சொல்லச் சொல்லி இப்பத்தான் முதல் தடவையாக் கேக்குறாங்க. இதை எழுதிக்கிட்டாத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

"முத்திரை இல்லாட்டி போகவே முடியாதேக்கா."

"முப்பத்திரண்டு வருஷம் வந்தவளுக்கு இன்னும் பத்து வருஷம் பெரிசா? போம்மா. போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. கண்காணிப்பாளர் இரண்டு முறை, "என்ன?" என்று கேட்டார்.

விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார்கள். நினைவும் பதிவும் முரண்பட்டால் முதலில் நினைவை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றிருந்தது. அலுவலக மருத்துவர் அக்காவிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பதில்களை எழுதிக்கொண்டேன். அன்றைக்கு என்ன புடவை? பச்சை, ஓரத்தில் தையல் விட்டிருந்தது. கல் விழுந்தபோது மணி? பத்து நாற்பது. அறையில் எத்தனை நாற்காலி? மூன்று, ஒன்றுக்குக் கால் ஆட்டம். மருத்துவர் கவலையோடு தலையை ஆட்டினார்.

"எனக்கு என் கல்யாண நாளே ஞாபகம் இல்லை. உங்களுக்கு இவ்வளவு இருக்கிறது நல்லதில்லைம்மா" என்றார். சான்றிதழில் 'நினைவு மிகை' என்று எழுதி, மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வருவதற்கான மாத்திரை. அக்கா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்யக் காத்திருக்க நேரமில்லை. ஓய்வு நாளுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. அதனால் விசாரணைக் குழு கூடியது. இயக்குநர், கண்காணிப்பாளர், மருத்துவர் மூன்று பேரும் உறுப்பினர்கள். நடப்பதை எழுத நான். முன்கூடத்தில் மேசை போட்டு, மூலக்கல்லைக் கூண்டிலிருந்து எடுத்து நடுவில் வைத்தார்கள். நான் அப்போதுதான் அதை அருகில் பார்த்தேன். கூண்டில் இருக்கும்போது சுவரைப் பார்த்திருக்கும் பக்கத்தில், கீழ் ஓரம், சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது.

"இது என்னன்னு கேளுங்க" என்றார் அக்கா.

"அது கல்லோட அமைப்பு" என்றார் இயக்குநர். "இயற்கையில எதுவுமே முழு வட்டம் கிடையாதும்மா. நீங்களே சொல்லுங்க, நிலா வட்டமாவா இருக்கு?"

நான், நிலா பற்றிக் கேட்டார் என்று எழுதிக்கொண்டேன்.

இயக்குநர் எழுந்து நின்றார். தோல் சுற்றிய இடுக்கியால் மூலக்கல்லைப் பிடித்து மார்பளவு உயரத்துக்குத் தூக்கினார். இந்தக் கல்லைப் பயிற்சியோடு பிடித்தால் நழுவாது என்று செய்தே காட்டுவது அவர் எண்ணம். தூக்கிய பிறகு பேச ஆரம்பித்தார்.

"இந்த அலுவலகம் ஐம்பது வருஷமா நடக்குது. இந்த ஐம்பது வருஷத்துல நாம ஒரு தடவைகூட நம்ம தப்பைக் கண்டுபிடிச்சதில்லை. ஏன்? ஒழுங்கு. ஊர்ல இருக்கிற கல்லெல்லாம் தப்பா இருக்கு. நம்ம கல்லு ஒண்ணுதான் சரியா இருக்கு. இது யார் சொன்னது? நம்ம கல்லே சொல்லுது. இதைவிட ஒரு சாட்சி வேணுமா? ஒரு கடைக்காரர் போன வருஷம் எங்கிட்டயே வந்து, சார், உங்க ஆபீசுக்கு வந்துட்டுப் போனா எங்க கல்லு இளைச்சுப் போகுதுன்னார். நான் சொன்னேன், ஐயா, அது இளைப்பு இல்லை, ஒழுக்கம். அப்பேர்ப்பட்ட ஒரு நிறுவனத்துல, முதல் நாள் வந்த ஒரு பொண்ணு கையால, நம்ம அஸ்திவாரமே நழுவி விழுந்துச்சுன்னு சொன்னா, அதை நான் எப்படி..."

இந்த இடத்தில் கையை விரித்தார்.

பொருள்களுக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் அவை விழும் என்பதுவரை எனக்குப் பாடத்தில் சந்தேகம் இருந்ததில்லை. அந்த உயரத்துக்கு அரை நொடிதான் ஆகும். சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. மேசைக் காலில் பட்டு, கல் ஒரு சுற்றுச் சுற்றி மருத்துவரின் செருப்பருகே போய் நின்றது.

"...ஒத்துக்க முடியும்? ஆகவே விழ வாய்ப்பே இல்லை" என்று இயக்குநர் வாக்கியத்தை முடித்தார்.

பிறகு குனிந்து எதையோ பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அரம் அக்கா சிரிக்கவில்லை. ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ இங்க ஏதாவது விழுந்ததை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.

"நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்" என்றார் மருத்துவர்.

"நான் விதிமுறை பார்த்துக்கிட்டிருந்தேன் சார்" என்றார் கண்காணிப்பாளர்.

"நீங்கம்மா?"

எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அது உண்மைதான். எழுதுகிறவள் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. "அப்போ எழுதிக்குங்க" என்றார். மூலக்கல் விழவில்லை என்று எழுதினேன். எந்த நாளில் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒரு சிக்கல் வந்தது.

மூலக்கல்லைக் கூண்டில் திரும்ப வைத்தார்கள். பழைய சில்லு பெயர்ந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினால் புதிய இடம் வாசலைப் பார்த்தது. புதிய இடத்தைத் திருப்பினால் பழையது வாசலைப் பார்த்தது. இரண்டும் நேரெதிர்ப் பக்கங்கள். கண்காணிப்பாளர் கூண்டுக்குள் கைவிட்டு முக்கால் மணி நேரம் கல்லை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். படுக்க வைக்கலாமா என்று பார்த்தார், உருண்டது. அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் வேறெதுவும் செய்ய மாட்டார்கள், கூண்டின் முன் நின்று கல்லைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்கள். இயக்குநர் அறையில் கண்காணிப்பாளரும் இருந்தார். இருவர் முகத்திலும் ஒரு தெளிவு.

"அந்த அம்மா பாவம்" என்றார் இயக்குநர். "இத்தனை வருஷமா ஒரு உண்மையை மனசுல வச்சுக்கிட்டு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாங்க. நாமதான் காது குடுத்துக் கேக்கலை. அவங்க நினைவை ஏத்துக்கலாம்."

"முழுசாவா சார்?"

"முழுசா. ஒரு வரி மட்டும் சேர்த்துக்கணும்."

அந்த வரியைக் கண்காணிப்பாளர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். 'பதற்றத்தில் எடுத்து வைக்கும்போது மறுபடியும் கை தவறி விழுந்து எதிர்ப்பக்க ஓரமும் உடைந்தது.'

ஒன்று மட்டும் கேட்டேன். "அப்போ கல்லு குறைஞ்சிருக்கும் இல்லையா சார்? சரிபண்ண..."

"விழுந்ததுன்னுதான் ஒத்துக்கிட்டோம். குறைஞ்சதுன்னு யார் சொன்னது?" என்றார் கண்காணிப்பாளர். "இன்னிக்குக் காலையிலகூட ஒப்பிட்டுப் பார்த்தாச்சு. மத்த கல்லெல்லாம்தான் மூணு கிராம் கூடியிருக்கு. ராவி வச்ச கல்லு எப்படிக் கூடுச்சுன்னு தெரியலை. ஊர் முழுக்க மறுபடி கூப்பிடணும்."

காகிதத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அக்கா மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். மெதுவாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"ரெண்டு தடவைன்னு போட்டிருக்கு."

"ஆமாக்கா."

"ரெண்டாவது தடவை நீ அங்கதான இருந்த."

"இருந்தேன்."

"பார்த்தியா, எழுதிக்கிட்டிருந்தியா?"

நான் சாக்கில் கிடந்த கற்களைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"வேண்டாம்னு சொல்லுங்கக்கா. நான் போய் நடந்ததைச் சொல்றேன்" என்றேன். சொல்லும்போதே, அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நீ சொல்லமாட்ட. சொன்னாலும் அவங்களுக்குக் கேக்காது, உன் குரல் எனக்கே கேக்கலை" என்றார். பேனாவை வாங்கினார். "இதுல பாதி நிஜம் இருக்கு. இந்த ஆபீஸ் காகிதத்துல இவ்வளவு நிஜம் நான் பார்த்ததே இல்லை. இதுக்கு மேல எதிர்பார்த்தா பேராசை."

கையெழுத்துப் போட்டார். நான் முத்திரை குத்தினேன். அதன் அழுத்தம் சரியில்லை என்று அவரே இன்னொரு முறை குத்தினார்.

மாதக் கடைசியில் விடுவிப்பு ஆணை வந்தது. அலுவலகத்தின் மூலச் சொத்துக்கு இருமுறை சேதம் விளைவித்ததால் பிரிவுபசாரம் இல்லை என்றும், இனிமேல் பணியில் கவனமாக இருக்க வேண்டும் என்று கண்டிக்கப்படுவதாகவும் அதில் இருந்தது. அக்கா அதை நான்காக மடித்து, மருத்துவர் கொடுத்த மாத்திரைகளோடு பையில் வைத்துக்கொண்டு போனார். வாசலில், முதல் நாள் மறந்துபோன அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். "உங்களுக்காவது ஞாபகம் இருந்துதே, குடுத்துவச்சவங்க" என்றார்.

தலைமையகத்து ஆட்கள் வந்தார்கள். கூண்டின் மேல் புதிதாக ஒரு பலகை இருந்தது. ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் இருபுறமும் சிதைந்தும் ஒரு கிலோவுக்குக் குறையாத கல் என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு வியந்து போனார்கள்.

ஊரில் உள்ள கல்லெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தன. பின்கட்டில் ஆளில்லை. நினைவுப் பிரிவில் அந்த மாதம் ஓய்வு பெறுகிறவர் யாருமில்லை. அறிவியல் படித்தவர் செய்தால் துல்லியமாக இருக்கும் என்று இயக்குநர் என்னைப் போடச் சொன்னார். அரத்தின் பிடி அக்காவின் கைக்குத் தேய்ந்திருந்தது. என் விரல்கள் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை.

முதலில் வந்தது ஒரு காய்கறிக்காரம்மா. கூடையிலிருந்து கல்லை எடுத்து மேசையில் வைத்தார்.

"போன வருஷம்தான் ராவிக் குடுத்தீங்க. அதுக்குள்ள மறுபடி கூடிடுச்சாம்ல. நான் நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டிருக்கேன், என் கல்லுக்கு மட்டும் அப்படி என்னத்தை ஊட்டுறீங்க?"

அவர் தமாஷாகத்தான் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்லை மேசைப் பிடியில் இறுக்கி, அரத்தை வைத்து இழுத்தேன். முதல் இழுப்பில் வழுக்கியது. பத்தாவது இழுப்பில் கை பழகிவிட்டது. பளபளவென்று இரும்புத்தூள் உதிர்ந்தது. தராசில் வைத்து, இன்னும் கொஞ்சம் ராவி, மறுபடி வைத்தேன். முள் நடுவில் வந்து நின்றது.

"இப்போ சரியா இருக்காம்மா?" என்று கேட்டார் காய்கறிக்காரம்மா. கல்லை வாங்கிப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டார், நம்பிக்கையோடு.

"சரியா இருக்கு" என்றேன். இந்த முறை குரல் தெளிவாகவே வந்தது.